உள்ளே இருக்கிறது எந்த கேம்?

இன்னைக்கு எபிசோடு, பழைய ரேஸ் இன்ஜின் வாங்க ஆசைப்படுறவங்களுக்கு. உள்ளே என்ன கேம்ஷாஃப்ட் இருக்குன்னு தெரியாத ஒரு இன்ஜினைக் கையில வச்சுக்கிட்டு எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

நம்ம ஊர்ல இந்தக் கேள்வி அடிக்கடி வரும், காரணம் இருக்கு. ரெண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளமா இருந்த சோழவரத்துல வருஷக்கணக்கா ரேஸ் நடந்துச்சு. 1990ல இருங்காட்டுக்கோட்டை டிராக், 2003ல கோயம்புத்தூர் பக்கம் கரி மோட்டார் ஸ்பீட்வே. ரேஸ் இருந்தா அதுக்காக வேலை பார்த்த இன்ஜின்களும் இருக்கும். சீசன் முடிஞ்சதும் அதெல்லாம் கைமாறும். நாலாவது கைக்கு வர்றப்போ இன்ஜின் வரும், அதோட விவரம் வராது.

எனக்குத் தெரிஞ்ச ஒரு தம்பி, விருத்தாசலம் பக்கம் கருவேப்பிலங்குறிச்சிக்காரன். தன்னோட எஸ்டீமுக்காக 1,298 சிசி இன்ஜின் ஒண்ணைத் தனியா வாங்கினான். பாதிப் பணம் கொடுத்தாச்சு, பார்த்துட்டு மீதி. வித்தவர் சொன்னது: "ஜப்பான் ரேஸ் கேம். அதுக்குத் தனியா 25,000." கூடவே ஒரு வீடியோ. அதுல இன்ஜின் ஐடிலிங்ல 'டப டப'ன்னு குதிக்குது.

முதல் விஷயம், சத்தத்தை நம்பாதீங்க. பெரிய கேம் போட்டா ஐடிலிங் குதிக்கும், உண்மைதான். ஆனா எங்கயாவது காத்து லீக் ஆனாலும் குதிக்கும், ஒரு பிளக் சரியா எரியலன்னாலும் குதிக்கும், டைமிங் பெல்ட் ஒரு பல் தள்ளி மாட்டியிருந்தாலும் குதிக்கும்.

ரெண்டாவது, ஷாஃப்ட் மேல இருக்கிற நம்பரை மட்டும் நம்பாதீங்க. வார்ப்புலயே வர்ற நம்பர், அந்த இரும்பு எந்த அச்சுல வார்த்ததுன்னுதான் சொல்லும். லோப், அதாவது வால்வைத் தள்ளுற அந்த முட்டை வடிவத்தை, அப்புறம் யார் எப்படி கிரைண்ட் பண்ணாங்கன்னு சொல்லாது.

அப்போ அளக்கணும். தம்பியோட மாமா விருத்தாசலத்துல பீங்கான் பொம்மை அச்சு செய்யிறவர். வெர்னியர் அவர்கிட்ட இருந்து வந்துச்சு. பழைய இரும்புக் கடையில ஒரு ஸ்டாக் எஸ்டீம் கேமும் கிடைச்சுது. ஒப்பிட ஒரு ஸ்டாக் கேம் பக்கத்துல இருந்தா பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

கேமைக் கழட்டி, லோபைச் சுத்திச் சுத்தி அளங்க. கிடைக்கிற மிகக் குறைஞ்ச அளவு, அடிவட்டத்தோட விட்டம். மிக அதிக அளவு, லோபோட முழு உயரம். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் லோப் லிஃப்ட். தம்பியோட கேம்ல லிஃப்ட் ஸ்டாக்கை விட அதிகம். ஆனா முழு உயரம் கூடல, அடிவட்டம்தான் சின்னதாயிருக்கு. வார்ப்பு நம்பர் ரெண்டுலயும் ஒண்ணே. அப்போ கதை தெளிவு. இது ஜப்பான்ல இருந்து வந்த ஸ்பெஷல் கேம் இல்ல. ஸ்டாக் கேமையே நம்ம ஊர்ல யாரோ மறுபடி கிரைண்ட் பண்ணியிருக்காங்க.

அதனால இது மட்டமான கேம்னு அர்த்தம் இல்ல. நல்லா ஓடின ரேஸ் கேம்கள் பல இப்படித்தான் செஞ்சது. கடினப்படுத்தின மேல் அடுக்கு தேஞ்சு போச்சான்னு மட்டும் பார்க்கணும். லோப் மூக்குல குழியோ கீறலோ இருந்தா வேண்டாம். இதுல இல்ல.

அடுத்தது டிகிரி. கேமைத் திரும்ப மாட்டி, கிராங்க்ல 360 டிகிரி தட்டு, வால்வு மேல டயல் கேஜ். பிளக் ஓட்டையில ஒரு ஸ்டாப்பர் மாட்டி, கிராங்க்கை ரெண்டு பக்கமும் அது இடிக்கிற வரைக்கும் மெதுவா திருப்பினா, ரெண்டு அளவுக்கும் நடு டாப் டெட் சென்டர். அப்புறம் ஸ்டாப்பரைக் கழட்டிட்டு, வால்வு 1 மிமீ திறக்கிற இடத்தையும் மூடுற இடத்தையும் குறிச்சோம்.

இன்டேக் திறந்தது டாப்புக்கு 12 டிகிரி முன்னாடி, மூடினது பாட்டத்துக்கு 48 டிகிரி பின்னாடி. 12, 180, 48, கூட்டினா 240. எக்ஸாஸ்ட் பாட்டத்துக்கு 50 முன்னாடி திறந்து, டாப்புக்கு 10 பின்னாடி மூடுது. அதுவும் 240. ரெண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கிற நேரம் 22 டிகிரி. ஸ்டாக் கேமையும் இதே மாதிரி மாட்டிப் பார்த்தோம், அதைவிட இது ரொம்பவே அதிகம். மேல் ஆர்பிஎம்ல பிச்சுக்கிட்டுப் போகும், கீழே இழுக்காது. ஐடிலிங்ல எரியாத பெட்ரோல் வெளியே போறதால, புகைச் சான்றிதழ் வாங்கும்போதும் சிக்கல் வரலாம்.

கடைசி டெஸ்ட், இதை மட்டும் தவிர்க்கவே கூடாது. வால்வு பிஸ்டனைத் தொடுமா? ஹெட்டைக் கழட்டி, பிஸ்டன் மேல களிமண் வச்சு, பழையபடி முடுக்கி, கையால கிராங்க்கை ரெண்டு சுத்து. திரும்பக் கழட்டி, களிமண்ணை வெட்டி, மெல்லிசான இடத்தை அளக்கணும்.

தம்பி மாமாகிட்ட பீங்கான் மண் கேட்டான். அவர் சொன்னார், "அது காயக் காய சுருங்கும்டா, அளவு மாறிடும். அதுல மணலும் இருக்கும், சிலிண்டரைக் கீறும். பசங்க விளையாடுற களிமண் வாங்கிட்டு வா." நூத்துக்கு நூறு சரி.

பொதுவா இன்டேக்ல 2 மிமீ, எக்ஸாஸ்ட்ல 2.5 மிமீ இடைவெளியாவது வேணும்னு சொல்வாங்க. இங்க இன்டேக்ல வந்தது 1.6. ஹெட்டை யாரோ ஏற்கனவே செதுக்கியிருக்காங்க. இப்படியே ஓட்டி, பெல்ட் ஒரு பல் தாவினா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. வளைஞ்ச வால்வு, உடைஞ்ச பிஸ்டன், மொத்தப் பணமும் போச்சு.

தம்பி ரெண்டு கேமையும் பக்கத்துல வச்சு, அளவோட போட்டோ எடுத்து வித்தவருக்கு அனுப்பினான். அந்த 25,000 பேச்சு அதோட நின்னுச்சு. மீதியை மட்டும் கொடுத்தான். வண்டியில அவன் ஓட்டப்போறது கரும்பு டிராக்டர் பின்னாடி ரெண்டாவது கியர்ல. அதனால ஸ்டாக் கேமையே மாட்டிட்டான், மாட்டுறதுக்கு முன்னாடி அதுக்கும் களிமண் டெஸ்ட் பண்ணிட்டுத்தான்.

அந்தக் கேமை யார் கிரைண்ட் பண்ணாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. தெரியவும் வேண்டாம். லிஃப்ட், டிகிரி, இடைவெளி தெரிஞ்சா போதும், எந்த வண்டிக்கு ஆகும், எதுக்கு ஆகாதுன்னு முடிவு பண்ணிடலாம். இப்போ அது எண்ணெய்த் துணி சுத்தி பரண் மேல இருக்கு, எல்லா அளவும் எழுதின ஒரு அட்டையோட. அடுத்து வாங்குறவருக்குக் கதை சொல்ல வேண்டியதில்ல, அட்டையைக் கொடுத்தா போதும். நீங்களும் ஏதாவது விக்கிறப்போ அப்படி ஒரு அட்டை எழுதி வைங்க.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.