ஓட்டு போனால் உயிரும் போகும்

(கயத்தாறு பொதுக்கூட்டத்தில் பேசியதன் சாரம்)



கயத்தாறு என்றால் 1799-ல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட சங்கதியைத்தான் எல்லோரும் பேசுவார்கள். நாம் இன்று பேச வந்தது வேறு. தூக்குமரமும் கயிறும் இல்லாமல், சட்டத்தைக்கொண்டே ஒரு ஜனசமூகத்தின் உடம்பையும் உயிரையும் வாட்டிய கதையைச் சொல்ல வந்திருக்கிறோம். அது இலங்கையில் நடந்ததுதான். ஆனாலும் நமக்கு அந்நியமான கதையல்ல. இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலியாகப் போனவர்களை நிறுத்தி வைத்துச் சோதித்த முகாம்களில் ஒன்று மண்டபத்திலும், மற்றொன்று நமக்குப் பக்கத்துத் தட்டப்பாறையிலும் இருந்தது. மழை பொய்த்து, கடன் முற்றி, ஜாதிக்கொடுமை தாங்காமல் கப்பலேறியவர்கள் நம் ஜனங்களேயாவார்கள்.

அங்கே வெள்ளைக்காரத் துரைமார்கள் அவர்களுக்குக் கொடுத்தது என்ன? பத்தடிக்குப் பன்னிரண்டடி லயன் அறை. அதற்குள்ளேயே அடுப்பு, பிள்ளைப்பேறு, நோய், சாவு எல்லாம். 1872-ல் தோட்டத் தொழிலாளரின் வைத்திய வசதிக்கென்று ஒரு சட்டமும் செய்தார்கள். கூலியின் மேலிருந்த இரக்கத்தால் செய்தது என்று நினைத்துவிடாதீர்கள்! கூலி செத்தால் கொழுந்து பறிக்க ஆள் ஏது? உழவுமாட்டுக்கு லாடம் கட்டுகிறவன் மாட்டின்மேல் உள்ள ஆசையாலா கட்டுகிறான்? அன்று முதல் தோட்டக்காரனின் சுகாதாரம் தோட்டத்து முதலாளியின் பொறுப்பு, கிராமத்தானின் சுகாதாரம் சர்க்காரின் பொறுப்பு என்று இரண்டாகப் பிரிந்தது. அந்தப் பிரிவினைதான் பின்னால் வந்த கேடுகளுக்கெல்லாம் வேர்.

கிராமத்தானுக்கு நடந்ததைப் பாருங்கள். 1926-ல் களுத்துறையில் சுகாதாரப் பகுதி நிலையம் திறந்தார்கள். 1931-ல் வயது வந்தோர்க்கெல்லாம் ஓட்டு வந்தது. ஓட்டு வந்தவுடன், ஓட்டுக் கேட்க வந்தவனிடம் கிராமத்தான் ஆஸ்பத்திரி கேட்டான், மருத்துவச்சி கேட்டான். கேட்டது கிடைத்தது. 1951-ல் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் கட்டணமும் எடுக்கப்பட்டது. இலங்கையின் பொதுச் சுகாதாரத்தை இன்று உலகமே புகழ்கிறது. அந்தப் புகழ் நியாயமானதே.

ஆனால், தேயிலையால் அந்த நாட்டுக்குப் பணம் சேர்த்தவனுக்கு நடந்ததென்ன? 1948-ல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன் பிறந்ததற்கு அத்தாட்சி, பாட்டன் பிறந்ததற்கு அத்தாட்சி என்று கேட்டார்கள். லயத்தில் பிறந்தவன் எந்தக் காகிதத்தைக் காட்டுவான்? லட்சக்கணக்கானவர்கள் ஒரே சட்டத்தால் நாடற்றவர்களானார்கள். 1949-ல் ஓட்டும் போயிற்று. 1952 தேர்தலில் தோட்டத் தொழிலாளரின் பிரதிநிதியாக ஒருவர்கூடத் தேர்ந்தெடுக்கப்படவில்லை. ஓட்டில்லாதவனிடம் எந்த மந்திரி வருவான்? வராதவனிடம் எப்படிக் குழாயும் கக்கூசும் மருத்துவச்சியும் கேட்பது? 1964-ல் இரண்டு சர்க்கார்களும் ஒப்பந்தம் செய்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆடுமாடுகளைப்போல் பங்கிட்டன. பங்கிடப்பட்டவர்களை ஒரு வார்த்தை கேட்டார்களா? கேட்கவில்லை. எழுபதுகளில் உணவுப் பஞ்சம் வந்தபோது, தரிசாகக்கூடச் சொந்தமாக ஒரு சாண் நிலமில்லாத இந்த ஜனங்களே அதிகமாக வாடினார்கள். குழந்தைகள் அதிகமாக மடிந்தார்கள்.

இதைத் தலையெழுத்து என்பார் சிலர். குடியும் அழுக்கும் அவர்கள் குணம் என்பார் வேறு சிலர். அது அவர்கள் ரத்தத்திலேயே உள்ளது என்று இனத்தைப் பழிப்பாரும் உண்டு. நாம் அவர்களைக் கேட்கிறோம்: 1975-ல் தோட்டங்கள் சர்க்கார் வசமாயின. 1977-ல் தோட்டத் தொழிலாளர் தலைவர் தொண்டமான் பாராளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதற்குப் பிந்திய வருஷங்களில் மருத்துவச்சியும் தண்ணீரும் கக்கூசும் மெல்ல மெல்ல வந்தன. சிசுமரணம் வெகுவாகக் குறைந்தது. ரத்தம் மாறியதா? குணம் மாறியதா? தலையெழுத்துத்தான் என்றால், பிரம்மா எந்த வருஷத்தில் அதை அழித்துத் திருத்தி எழுதினார்? மாறியது சர்க்காரின் நடத்தையேயன்றி வேறில்லை.

ஆனாலும் தீர்ந்துவிடவில்லை. 2003-ல்தான் எஞ்சிய நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. 2016-ல் சர்க்காரே எடுத்த கணக்கின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதும் நூற்றுக்கு 17. தோட்டங்களில் நூற்றுக்கு 32. ஓட்டைப் பறிக்க ஒரு நாள் போதும். அதனால் குன்றிய உடம்பு தேற மூன்று தலைமுறை போதவில்லை!

தோழர்களே! சிங்களவனைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போவதற்காக இதைச் சொல்லவில்லை. அங்கே இனம் செய்த வேலையை இங்கே ஜாதி செய்கிறது. மனிதன் மலத்தை மனிதன் அள்ளக்கூடாதென்று 1993-லும் 2013-லும் சட்டம் செய்தோம். அப்புறமும் சாக்கடைக் குழியில் இறங்கி விஷவாயுவால் சாகிறவன் எந்த ஜாதி? மேல்ஜாதிக்காரன் ஒருவன் அப்படிச் செத்ததாக நீங்கள் கேட்டதுண்டா? ஊருக்கு ஒரு தண்ணீர்த்தொட்டி, சேரிக்குக் கடைசிக் குழாய் என்பது எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

அங்கே அவர்களுடைய ஓட்டைப் பிறர் பறித்தார்கள். இங்கே நம் ஓட்டை நாமே ரூபாய் நோட்டுக்கு விற்கிறோம். விற்றவன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் இல்லையே என்று எந்த வாயால் கேட்பான்? ஆகவே, அடுத்த கிராமசபைக்குப் போங்கள். ஊர்த் தண்ணீரைப் பற்றியும், பிள்ளைகளின் எடையைப் பற்றியும், சாக்கடையில் யார் இறங்குகிறார்கள் என்பதைப் பற்றியும் கேளுங்கள். சேரிக்காக ஊர்க்காரன் கேட்கட்டும். அப்படிக் கேட்கும் நாளில்தான், கடல் கடந்து போய் அந்த லயத்தில் மடிந்தவர்கள் நம்மவர்கள் என்று சொல்லிக்கொள்ள நமக்கு யோக்கியதை உண்டு.