நறுக்கும் திகதியும்

பத்திரிகை நறுக்குகளைக் கொப்பியில் ஒட்டுவது வெறும் பொழுதுபோக்கா? கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிவந்த ரோஜா முத்தையா, நூல்களோடு திருமண அழைப்பிதழ்களையும் நாடக நோட்டீசுகளையும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தார். அத்தொகுப்பே 1994இல் சென்னையில் ஆய்வு நூலகமாயிற்று.

மட்டக்களப்பு வாவிக் கரையில் என் தந்தையாரும் ஒட்டினார். கோதுமை மாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காதிருக்க மயில்துத்தம் கலந்த பசை. வீரகேசரி, தினகரன் கவிதைகளே அதிகம். 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி கூரையைக் கொண்டுபோயிற்று; ஒரு கொப்பி மிஞ்சியது.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. பெரிய நூலகமே எரிந்த நாட்டில் வீட்டுக் கொப்பி கடைசிப் பிரதியாகலாம். ஆனால் எங்கள் கொப்பியில் எந்த நறுக்கிலும் திகதியில்லை. இக்கவிதை எந்த ஆண்டினது என மாணவர் கேட்டால் என்னிடம் விடையில்லை.

ஆகவே, ஒட்டுவோரே, பத்திரிகையின் பெயரையும் திகதியையும் ஓரத்தில் எழுதிவையுங்கள்.