இருமலும் விழிப்புணர்வும்: துமகூரு ஆய்வு நமக்குக் கற்பிப்பது

(உலகக் காசநோய் நாளையொட்டி, பெங்களூருவில் தமிழ்த் தோழர்களுக்கென நடைபெற்ற கல்வி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

1882-ஆம் ஆண்டு மார்ச் 24 அன்று, காசநோய்க்குக் காரணமான நுண்ணுயிரியைக் கண்டறிந்துவிட்டதாக ராபர்ட் கோக் பெர்லின் நகரில் அறிவித்தார். அந்த நாளையே உலகக் காசநோய் நாளாகக் கடைப்பிடிக்கிறோம். நோய்க்குக் காரணம் தெரிந்து 140 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. குணப்படுத்தும் மருந்து கிடைத்தும் 70 ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆயினும் உலகில் ஆண்டுதோறும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளாகின்றனர். 12 லட்சத்திற்கும் மேற்பட்டோர் மடிகின்றனர். நோயுறுவோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். காரணமும் மருந்தும் தெரிந்த ஒரு நோய் ஏன் ஒழியவில்லை? இந்தக் கேள்விக்கு அரசு விளம்பரங்கள் ஒரே விடையைத்தான் தருகின்றன: மக்களிடம் விழிப்புணர்வு இல்லை.

நான் மருத்துவம் படித்தவன் அல்லன், தமிழ் படித்தவன். கட்சியின் ஆவணங்களையும் அறிக்கைகளையும் மொழிபெயர்ப்பது என் பணி. ‘விழிப்புணர்வு’ என்னும் சொல்லை எத்தனை ஆயிரம் முறை எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அந்தச் சொல்லின் மீது எனக்கு ஐயம் பிறந்த கதையிலிருந்து தொடங்குகிறேன்.

என் மூத்த அக்கா இதே நகரில் வீட்டிலிருந்தபடி ஊதுவத்தி உருட்டிப் பிழைத்தவர். முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் அவருக்கு இருமல் வந்தது. மாதக்கணக்கில் நீடித்தது. உடல் இளைத்தது, மாலையில் காய்ச்சல் அடித்தது. சளியில் இரத்தம் வந்த பிறகே எனக்குச் செய்தி எட்டியது. ஓடிச் சென்று, படித்தவன் என்ற மிடுக்கில் கடிந்துகொண்டேன்: “ஏன்க்கா இத்தனை நாள் சும்மா இருந்தே?” அக்கா சொன்னார்: “நான் எங்கடா சும்மா இருந்தேன்? மூணு தடவை போனேன். மூணு தடவையும் பாட்டில்ல மருந்து ஊத்திக் குடுத்து அனுப்பிட்டாங்க.”

அந்த மூன்று முறையும் எவரும் அவருடைய சளியைப் பரிசோதிக்கவில்லை. பிறகு நோய் கண்டறியப்பட்டு, மருந்துண்டு, குணமடைந்தார். ஆனால் நுரையீரலின் ஒரு பகுதி சிதைந்துவிட்டது. மாடிப்படி ஏறினால் இன்றும் மூச்சிரைக்கிறது. பல ஆண்டுகள் கழித்து, மொழிபெயர்ப்புப் பணிக்காகப் படித்தபோது ஓர் ஆய்வைப் பற்றி அறிந்தேன். அக்காவின் கதை, அவர் நோயுறுவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே அந்த ஆய்வில் எழுதப்பட்டிருந்தது.

பெங்களூரு பெல்லாரி சாலையில் தேசியக் காசநோய் நிறுவனம் இருக்கிறது. நம்மில் பலர் அதன் வாயிலைக் கடந்து பேருந்தில் போயிருப்போம். 1959-இல் நிறுவப்பட்டு, 1960-இல் பிரதமர் நேருவால் திறந்து வைக்கப்பட்டது. அங்கே பணியாற்றிய டி. பானர்ஜி, ஸ்டிக் ஆண்டர்சன் ஆகிய இருவரும் அண்டை மாவட்டமான துமகூருவில் ஓர் ஆய்வு நடத்தினர். 1963-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் அது வெளியாயிற்று. நாட்டுப்புற மக்களுக்குக் காசநோயின் அறிகுறிகள் தெரியா, தெரிந்தாலும் பொருட்படுத்த மாட்டார்கள், மருத்துவமனையை நாட மாட்டார்கள் என்பதே அன்று அதிகாரிகள் மத்தியில் நிலவிய கருத்து. ஆய்வாளர்கள் அந்தக் கருத்தை ஏற்றுக்கொண்டு தொடங்கவில்லை. நோயாளிகளின் வீடு தேடிச் சென்று கேட்டனர்.

கிடைத்த விடை என்ன? நோயுற்றவர்களில் ஏறத்தாழ அனைவருமே தம் அறிகுறிகளை உணர்ந்திருந்தனர். பெரும்பாலானோர் அதுகுறித்துக் கவலைப்பட்டிருந்தனர். பாதிப்பேருக்கும் மேல் ஏதேனும் ஒரு மருத்துவ நிலையத்தை நாடிச் சென்றுமிருந்தனர். சென்றவர்களுக்குக் கிடைத்தது ஒரு பாட்டில் இருமல் மருந்து.

இதன் பொருளைக் கவனியுங்கள். நோயாளி விழித்திருந்தார், உறங்கியது மருத்துவ அமைப்பு. கதவைத் தட்டிய மனிதரைத் திருப்பி அனுப்பிவிட்டு, மக்கள் கதவைத் தட்டுவதே இல்லை என்று அறிக்கை எழுதியது. விழிப்புணர்வுப் பரப்புரை தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. யாருடைய விழிப்புணர்வு குறைவு என்பதை முதலில் கேட்கவேண்டும் என்கிறேன்.

இத்தகைய ஆய்வுகளின் அடிப்படையில்தான் 1962-இல் தேசியக் காசநோய்த் திட்டம் உருவாயிற்று. தனிக் காசநோய் மருத்துவமனைகளை எதிர்பார்த்துக் காத்திராமல், இருமலோடு எந்தப் பொதுச் சுகாதார நிலையத்திற்கு வருபவருக்கும் அங்கேயே சளிப் பரிசோதனை செய்யவேண்டும். மருந்தும் அங்கேயே தரவேண்டும். எளிய, அறிவார்ந்த திட்டம். அதற்கு முன்பே தமிழ்நாடு இதற்கான வழியைத் திறந்திருந்தது. 1956-இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம், வீட்டிலிருந்தபடி மருந்துண்ணும் ஏழை நோயாளிகளும் சானடோரியத்தில் படுத்து ஊட்டமான உணவுண்ட நோயாளிகளும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைகின்றனர் என்பதை 1959-இல் நிறுவிக் காட்டியது. உலகெங்கும் சானடோரியங்களின் காலம் முடிவுக்கு வர அது வழிவகுத்தது.

அறிவு இருந்தது, திட்டமும் இருந்தது. ஆனால் அத்திட்டம் நிற்கவேண்டிய அடித்தளமாகிய பொதுச் சுகாதார நிலையங்களுக்குப் போதிய பணமும் ஆட்களும் ஒதுக்கப்படவில்லை. அதனால்தான் 1963-இல் துமகூருவில் கண்ட பாட்டில், முப்பது ஆண்டுகள் கழித்தும் என் அக்காவின் கைக்கு வந்து சேர்ந்தது.

தோழர்களே, இன்னொரு சொல்லைப் பாருங்கள். மருந்தை இடையில் நிறுத்திய நோயாளியை மருத்துவ அறிக்கைகள் ஆங்கிலத்தில் ‘டிஃபால்ட்டர்’ என்று எழுதிவந்தன. வங்கிக் கடனைக் கட்டத் தவறியவரைக் குறிக்கும் அதே சொல். நோய் இருக்கக்கூடும் என்று கருதப்பட்டவரை ‘சஸ்பெக்ட்’ என்றன. காவல் நிலையத்தின் சொல். கடனாளி, சந்தேக நபர் எனும் இவ்விரு சொற்களையும் நானும் தமிழாக்கியிருக்கிறேன் என்பதைத் தற்குற்றமாகவே ஒப்புக்கொள்கிறேன். 2013-இல் உலகச் சுகாதார நிறுவனம் இச்சொற்களைக் கைவிட்டது. ஆனால் சொற்களுக்குப் பின்னிருக்கும் பார்வை எளிதில் மாறுவதில்லை.

ஒரு தொழிலாளி ஏன் மருந்தை நிறுத்துகிறார்? சிகிச்சை குறைந்தது ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள். அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்துகள். ஓரிரு மாதங்களில் இருமல் தணிந்து உடல் தேறியதும் வேலை அழைக்கிறது. பீன்யாவிலோ பொம்மனஹள்ளியிலோ ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் எந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் பெண், மருந்து வாங்க ஒரு நாள் விடுப்பெடுத்தால் ஒரு நாள் கூலி போகும். நோயின் பெயர் தெரிந்தால் வேலையே போகும். கட்டட வேலைக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளிக்கு, இந்த மாதம் எலகங்கா, அடுத்த மாதம் ஒயிட்ஃபீல்டு. சில வேளைகளில் மருந்தே இருப்பதில்லை. 2024 மார்ச்சில் மருந்துத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, உள்ளூரிலேயே வாங்கிக்கொள்ளும்படி ஒன்றிய அரசு மாநிலங்களுக்குக் கடிதம் எழுதிற்று. அரசு மருந்தை நிறுத்தினால் அது விநியோகச் சிக்கல். நோயாளி நிறுத்தினால் குற்றம்! இடையில் நின்ற மருந்து நுண்ணுயிரிக்குப் பயிற்சியளிக்கிறது. அது மருந்தை எதிர்க்கும் ஆற்றல் பெற்றுத் திரும்பி வருகிறது. அப்போது சிகிச்சை மேலும் நீளக்கூடும், மேலும் கடுமையாகும்.

நோயின் வேர் இன்னும் ஆழமானது. காசநோய்க் கிருமி உடலில் புகுந்த அனைவரும் நோயாளி ஆவதில்லை. மிகப்பெரும்பாலோர் உடலில் அது ஆயுள் முழுவதும் அடங்கிக் கிடக்கும். உடல் நலியும்போது எழும். நீரிழிவும், எச்.ஐ.வி. தொற்றும், புகையும், மதுவும் அதை எழுப்பும். இந்தியாவில் அதை எழுப்பும் காரணங்களுள் தலையாயது பட்டினி.

இது மேடைப் பேச்சன்று, மெய்ப்பிக்கப்பட்ட உண்மை. 2019-இல் ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகிய மருத்துவர்களின் தலைமையில் ஓர் ஆய்வு தொடங்கிற்று. மங்களூருவில் பணிபுரியும் அவர்களோடு சென்னையின் காசநோய் ஆய்வு நிறுவனமும் கைகோத்தது. 2,800 நோயாளிகளின் குடும்பங்களைச் சேர்ந்த பத்தாயிரத்திற்கும் மேற்பட்டோர் கண்காணிக்கப்பட்டனர். ஒரு பகுதிக் குடும்பங்களில் வயதுவந்த ஒவ்வொருவருக்கும் மாதந்தோறும் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் நுண்ணூட்டச் சத்துகளும் வழங்கப்பட்டன. 2023-இல் முடிவுகள் வெளியாயின. உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் கண்டோர் 39 விழுக்காடு குறைவு; தொற்றிப் பரவும் வகை 48 விழுக்காடு குறைவு.

சென்னை ஆய்வில் உணவு முக்கியமில்லை என்றாயிற்றே, இது முரண் அல்லவா என்று ஒரு தோழர் கேட்கக்கூடும். முரண் இல்லை. வந்த நோயைக் குணப்படுத்துவது மருந்து. சானடோரியத்தின் கட்டிலும் முட்டையும் இல்லாமலும் அது வேலை செய்யும் என்பதே சென்னை கூறியது. அந்த வீட்டில் அடுத்தவர் நோயில் விழாமல் காப்பது சோறும் பருப்பும் என்று ஜார்க்கண்ட் கூறுகிறது. முன்னது சிகிச்சை, பின்னது தடுப்பு. உழைக்கும் மக்களுக்கு இரண்டும் வேண்டும்.

அரசு என்ன தருகிறது? 2018 ஏப்ரல் முதல் நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் ஊட்டச்சத்துத் தொகை. 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாய். நாளொன்றுக்கு 33 ரூபாய். 2025-க்குள் காசநோயை ஒழிப்போம் என்று 2018-இல் பிரதமர் முழங்கினார். அதே 2025-க்குள் பொதுச் சுகாதாரத்திற்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 விழுக்காடு ஒதுக்குவோம் என்று 2017-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதாரக் கொள்கை கூறிற்று. இரண்டாவது வாக்குறுதியைக் கைவிட்டவர்களால் முதலாவதை எவ்வாறு நிறைவேற்ற முடியும்?

கோலார் தங்கவயலிலிருந்து வந்த குடும்பங்கள் இந்த அரங்கிலேயே இருக்கின்றன. பாறையைத் துளைத்த நம் பாட்டன்மாரின் நுரையீரலில் சிலிக்காத் தூசி படிந்தது. அந்த நுரையீரலில் காசநோய் எளிதில் குடியேறியது. சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது, தூசி மூடப்படவில்லை. இன்று கல்லறுக்கும் பட்டறைகளிலும் கட்டடத் தளங்களிலும் அதே தூசியைச் சுவாசிக்கிறார்கள், அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் வடமாநிலத் தொழிலாளர்களும்.

இவ்வளவும் கேட்டுச் சோர்ந்துவிடத் தேவையில்லை. மக்கள் போராடி வென்ற களமும் இதுவே. மருந்தெதிர்ப்புக் காசநோய்க்குப் பயன்படும் பெடாகுயிலின் மாத்திரையின் மீதான காப்புரிமையை நீட்டிக்க ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் முயன்றது. அதை எதிர்த்து வழக்காடியவர்கள் இந்தியாவின் நந்திதா வெங்கடேசனும் தென்னாப்பிரிக்காவின் பூமேசா டிசிலேயும். பழைய நச்சு மருந்துகளால் செவித்திறனை இழந்த இரு இளம்பெண்கள். 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் நிறுவனத்தின் விண்ணப்பத்தை நிராகரித்தது. மலிவான மருந்துக்கு வழி பிறந்தது. இரு நாட்டு நோயாளிகள் ஒரு பன்னாட்டு நிறுவனத்தைத் தடுத்து நிறுத்திய இதனை சர்வதேசியம் என்றல்லாமல் வேறென்ன பெயரிட்டு அழைப்பது?

எனவே, கிளைகளும் சங்கங்களும் செய்யவேண்டியவற்றைச் சுருக்கமாகக் கூறி முடிக்கிறேன்.

முதலாவது, இரண்டு வாரத்திற்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைதல் இருப்பின் சளிப் பரிசோதனை. இது ஒவ்வொரு தோழருக்கும் மனப்பாடமாக இருக்கவேண்டும். பாட்டில் மருந்தோடு திருப்பி அனுப்பினால், தோழர் ஒருவர் உடன்சென்று பரிசோதனையைக் கேட்டுப் பெறவேண்டும். இந்நகரின் ஆய்வுக்கூடத்தில் உருவான ‘ட்ரூநாட்’ கருவி மின்கலத்தில் இயங்கக்கூடியது. சிறு சுகாதார நிலையத்திலும் வைக்கலாம். நம் பகுதியில் அது இருக்கிறதா, இயங்குகிறதா என்று கேட்போம்.

இரண்டாவது, நோய் காற்றில் பரவுவது. தட்டிலும் டம்ளரிலும் பரவுவதன்று. நோயாளியின் தட்டைத் தனியே வைப்பது தீண்டாமையின் இன்னொரு வடிவம். சன்னலைத் திறந்து வைப்பதும், இருமும்போது வாயை மூடுவதும், வீட்டிலுள்ள மற்றவர்களுக்குப் பரிசோதனையும் தடுப்பு மருந்தும் பெற்றுத் தருவதுமே உண்மையான பாதுகாப்பு.

மூன்றாவது, இ.எஸ்.ஐ. பெறும் தொழிலாளிக்குக் காசநோய்க்கென நீட்டிக்கப்பட்ட நோய்க்கால உதவி உண்டு. உரிய பணிக்காலமும் சந்தாவும் நிறைந்திருந்தால், கூலியில் 80 விழுக்காட்டை இரண்டு ஆண்டுகள் வரை பெற இயலும். இதை அறியாமலே வேலையை விட்டு ஊர் திரும்புவோர் பலர். விழிப்புணர்வு வேண்டுமென்றால் இதில் வேண்டும்.

நான்காவது, வீடு வீடாகச் செல்லும் ஆஷா சகோதரிகளை அரசு இன்னும் ஊழியர் என்று ஏற்காமல் தன்னார்வலர் என்கிறது. அவர்களது போராட்டம் நம் நுரையீரலுக்கான போராட்டம்.

ஐந்தாவது, இந்நகரின் உழைக்கும் மக்கள் பல மொழி பேசுவோர். தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது, இந்தி, ஒடியா தெரிந்த தோழர்கள் ஒவ்வொருவரும் மருத்துவரின் மேசைக்கும் நோயாளியின் நாற்காலிக்கும் இடையே மொழிபெயர்ப்பாளராக அமரலாம். ஆயிரம் பக்கங்கள் மொழிபெயர்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அதைவிடப் பயனுள்ள மொழிபெயர்ப்பு வேறொன்றில்லை.

அக்காவிடம் அன்று நான் கேட்ட கேள்வி தவறானது. அவர் மூன்று முறை கதவைத் தட்டியவர். அந்தக் கதவு ஏன் திறக்கவில்லை என்று அரசைக் கேட்பதே நம் பணி.