"ரீஇன்ஸ்டால் பண்ணிரு" சொல்றதுக்கு முன்னாடி

போன செவ்வாய்க்கிழமை, மேலப்பாளையத்துல சந்தை நாள். ஆட்டு வண்டிகளுக்கு நடுவுல புகுந்து, பக்கத்துத் தெரு தம்பி ஒருத்தன் பழைய அரசு லேப்டாப்பைத் தூக்கிட்டு வீட்டுக்கு வந்தான். "காக்கா, ஸ்கிரீன் கறுப்பாயிட்டு. லாகின் மட்டும்தான் கேக்குது."

என் வாயில முதல்ல வந்தது, "ரீஇன்ஸ்டால் பண்ணிரு." பாதியிலயே நிறுத்திட்டேன். அந்த வார்த்தை எனக்கு என்ன பண்ணுச்சுன்னு ஞாபகம் வந்துட்டு.

தமிழ்நாடு அரசு இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15-ல ஆரம்பிச்சது. எனக்குக் கிடைச்ச லேப்டாப்புல விண்டோஸோட பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சிடாக் உருவாக்கினது, அடித்தளம் டெபியன். இன்ஜினியரிங் முதல் வருஷம், எனக்குப் புது ஜிசிசி கம்பைலர் வேணும். இன்ஸ்டால் பண்ணா, 'யூ ஹேவ் ஹெல்ட் புரோக்கன் பேக்கேஜஸ்'. அதாவது, உடைஞ்ச பேக்கேஜை நீங்க பிடிச்சு வச்சிருக்கீங்களாம்! நான் எதையும் பிடிச்சு வைக்கல. பெரும்பாலும் யாருமே வச்சிருக்க மாட்டாங்க. கேட்ட வெர்ஷன்கள் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப் போகலன்னுதான் அதுக்கு அர்த்தம். உதவி கேக்கறதுக்கு முன்னாடியே, தப்பு உன்னோடதுன்னு மெஷினே சொல்லிடுது.

ஏன் ஒத்துப் போகாது? எங்க கல்யாண வீட்டுல சஹன் சாப்பாடு தெரியும்ல, ஒரு பெரிய தட்டைச் சுத்தி நாலஞ்சு பேர். லினக்ஸ்ல லிப்சி அந்தத் தட்டு மாதிரி. கிட்டத்தட்ட எல்லா புரோகிராமும் அதுலதான் சாப்பிடுது. ஒருத்தருக்காகத் தட்டை மாத்தினா, பழைய தட்டுக்குப் பழகினவங்க எந்திரிச்சுப் போயிருவாங்க. ஃபிளாட்பாக் கிட்டத்தட்ட தனித்தனி தட்டு. சண்டை குறையும், ஆனா டிஸ்க் இடம் நிறைய தின்னும்.

உபுண்டுவும் டெபியன்ல இருந்து வந்ததுதானே, ஒரே குடும்பம்தானேன்னு உபுண்டு வரியை எடுத்து சோர்சஸ் லிஸ்ட்ல போட்டேன். டெபியன்காரங்க இந்தக் கலப்படத்தை ஃபிராங்கன்டெபியன்னு கிண்டல் பண்ணுவாங்க. நீக்கப் போற பேக்கேஜ் பட்டியல் நீளமா ஓடுச்சு. படிக்கல. 'ஒய்' அடிச்சேன். டெஸ்க்டாப்பே போச்சு. இதுல பாஸ் மேல குத்தம் இல்ல, என் கைதான்.

கூச்சத்தை விட்டு ஒரு சீனியர்கிட்ட கேட்டேன். மானுவல் படிச்சியா, இல்லன்னா ரீஇன்ஸ்டால் பண்ணிருன்னார். ஃபார்மட் பண்ணேன். என் லாத்தா, அதான் அக்கா, அவ கல்யாண போட்டோ எல்லாம் அதுல மட்டும்தான் இருந்தது. பேக்கேஜ் நீக்கினா ஹோம் ஃபோல்டரை அது தொடாது. போட்டோ எல்லாம் அப்பவும் பத்திரமாத்தான் இருந்திருக்கு. அழிச்சது அந்த அட்வைஸ். இது தெரிய எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு. லாத்தாகிட்ட இன்னும் சொல்லல. இந்த எபிசோடைக் கேட்டாத் தெரிஞ்சுக்குவா.

புதுசா வந்த பையன்தான் இப்படி மாட்டுவான்னு நினைக்காதீங்க. 2021 நவம்பர்ல, கம்ப்யூட்டர் வீடியோக்களுக்குப் பேர் போன லைனஸ் செபாஸ்டியன் பாப் ஓஎஸ்ல ஸ்டீம் போடப் போனார். 'எஸ், டூ ஆஸ் ஐ சே!'ன்னு டைப் பண்ணச் சொல்லுச்சு. அவரும் டைப் பண்ணார். டெஸ்க்டாப் காலி. படிக்காம அடிச்சது அவர் தப்புன்னு பாதிப் பேர். ஸ்டீம் போட்டா டெஸ்க்டாப் ஏன்யா போகணும்னு மீதிப் பேர். நான் ரெண்டாவது கட்சி. ஆப்ட் 3.0 இப்போ நீக்கப் போறதைச் சிவப்புல காட்டுது. டெபியன் 13-ல அதுதான் வருது. பத்து வருஷம் முன்னாடி எனக்கு அந்தச் சிவப்பு கிடைச்சிருந்தா!

சரி, தம்பி கதை. "உள்ள என்னடா இருக்கு?"ன்னு கேட்டேன். "புராஜெக்ட் ரிப்போர்ட், காக்கா. வெள்ளிக்கிழமை கொடுக்கணும்." கறுப்பு ஸ்கிரீன்லயே லாகின் பண்ணி, பென்டிரைவை மவுண்ட் பண்ணி, ஹோம் ஃபோல்டர் முழுசும் காப்பி எடுத்தோம். ரிப்போர்ட் என் லேப்டாப்புல திறக்குதான்னு பார்த்தோம். திறந்துச்சு. அப்புறம் அவன் போட்டிருந்த கட்டளைகளை ஒவ்வொண்ணாப் பார்த்தோம். என்னை மாதிரியே வேற ஊர் வரி ஒண்ணைச் சேர்த்திருந்தான். லிப்சி மாறியிருந்தது. அதைப் பின்னாடி இழுக்கறது பெரிய தலைவலி.

அதனால கடைசியில ரீஇன்ஸ்டால்தான் பண்ணோம். சிரிக்காதீங்க. டெபியன் 13 ஏறிட்டு இருக்கும்போது உம்மா டீ கொண்டு வந்தாங்க. அவன் டீயைத் தொடவே இல்ல, பென்டிரைவைக் கையில இறுக்கிப் பிடிச்சுட்டு உட்கார்ந்திருந்தான்.