முதியோரைப் படுக்கையில் கட்டிப்போடாத பணிவிடை

  

முதுமை அடைந்த பெற்றோரிடம் சலிப்பைக் காட்டும் சிறு சொல்லும் வெளிப்படக் கூடாது என்பது இறைக்கட்டளை. இதை நீங்கள் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பெற்றோர் மருத்துவமனையில் இருக்கும்போது நம் பணிவிடை எப்படி அமைய வேண்டும் என்பதை மட்டும் இன்று சிந்திப்போம்.

நம் திருமுருகன்பூண்டிப் பகுதியில் ஒரு நிலையைத் தொடர்ந்து காண்கிறோம். நெஞ்சுச்சளி என்று ஆட்டோவில் சென்று, தம் காலால் நடந்து மருத்துவமனைக்குள் நுழைந்த பெரியவர், பத்து நாள் கழித்து ஸ்ட்ரெச்சரில் வீடு திரும்புகிறார். சளி போய்விட்டது, அதோடு நடையும் போய்விட்டது. மகனுக்குப் பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை, மருமகளுக்குச் செக்கிங். காலையில் போனால் இரவில்தான் திரும்புவார்கள். லைன் வீட்டின் ஒற்றை அறையில் அவர் பகல் முழுவதும் தனியே கிடக்கிறார். ஒருவர் வேலையை விட்டால் வாரச் சம்பளத்தில் பாதி நின்றுவிடும். யாரைக் குறை சொல்வது?

இது முதுமையால் மட்டும் நேர்வதன்று. படுக்கையாலும் நேர்கிறது. 2007ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. சராசரியாக 67 வயதுடைய, எந்த நோயும் இல்லாத முதியவர்களைப் பத்து நாட்கள் படுக்கையில் வைத்தார்கள். கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை குறைந்துவிட்டது. நோயும் காய்ச்சலும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

ஆனால் நாம் செய்வது என்ன? 'அத்தா எழுந்திருக்க வேண்டாம்' என்கிறோம். சோற்றை நாமே ஊட்டுகிறோம். கழிவறைக்கு அழைத்துச் செல்லச் சோம்பி டயப்பர் மாட்டுகிறோம். மூத்திரக் குழாய் இருந்தால் வசதி என்று நிம்மதி கொள்கிறோம். அந்தக் குழாய் நாள்பட இருந்தால் கிருமித் தொற்றுக்கு வழி என்பதை மறந்துவிடுகிறோம். அதைவிடப் பெரியது வெட்கம். வாழ்நாள் முழுவதும் அவ்ரத்தைப் பேணிய மனிதர், பிறர் கை பட்டுத்தான் சுத்தமாக வேண்டும் என்ற நிலைக்கு வந்துவிடுகிறார். பல பெரியவர்கள் அதனாலேயே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள்.

மார்க்கச் சட்டத்தைக் கவனியுங்கள். நோயுற்றிருந்த இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழி, நின்று தொழுவதில் தொடங்குகிறது. இயலாவிட்டால் அமர்ந்து, அதுவும் இயலாவிட்டால் ஒருக்களித்து. முதல் கேள்வி, 'உம்மால் எது முடியும்' என்பதுதான். நாமோ மூன்றாம் படியிலிருந்து தொடங்குகிறோம்! நபி (ஸல்) அவர்களே தம் இறுதி நோயின்போது இருவருடைய தோள்களைப் பற்றிக்கொண்டு, பாதங்கள் தரையில் கோடிட, பள்ளிக்கு வந்தார்கள். அந்த இருவரும் அவர்களைத் தாங்கி நடத்தி வந்தார்கள்.

அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅத் பின் முஆத் (ரலி) அவர்கள் மஸ்ஜிதுந் நபவியில் அமைந்த கூடாரத்தில் வைக்கப்பட்டபோது, அங்கே காயம்பட்டோருக்குப் பணி செய்தவர் ருஃபைதா (ரலி) என்ற பெண்மணி. செவிலியர் பணி நமக்கு அந்நியமன்று. ஆனால் முதியோரை எழுப்பி நடத்துவதே சிகிச்சையின் பகுதி என்பதை உலக மருத்துவமனைகள் தாமதமாகவே கற்றன. 1935இல் இங்கிலாந்தில் மார்ஜரி வாரன் என்ற மருத்துவர், ஆண்டுக்கணக்கில் படுத்தே கிடந்த நூற்றுக்கணக்கானோரின் பொறுப்பை ஏற்றார். ஒவ்வொருவரையும் தனித்தனியே பரிசோதித்து, செவிலியர் துணையுடன் எழுப்பி உட்காரவும் நடக்கவும் வைத்தார். பலர் வீடு திரும்பினர். நம் தமிழகத்தில் 1978இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராசன் முதியோருக்கெனத் தனிப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். 2024 பிப்ரவரியில் கிண்டியில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. கிண்டி நமக்குத் தொலைவுதான். ஆயினும் அங்கு செய்வதில் பெரும்பகுதி எந்த வார்டிலும் செய்யக்கூடியதே.

மருத்துவமனையில் இரவில் முதியவர் திடீரென உளறுவார், ஆளைத் தெரியாது என்பார், ஊசிக் குழாயைப் பிடுங்குவார். உடனே இமாமுக்குப் போன் வருகிறது, ஓதிப் பார்க்க வாருங்கள் என்று. ஓதுவோம், தடையில்லை. முதலில் சிஸ்டரிடம் சொல்லுங்கள். அது நோயாலும் மருந்தாலும் புது இடத்தாலும் வரும் சித்தக் கலக்கம். 1999இல் வெளியான யேல் பல்கலைக்கழக ஆய்வில் 70 வயது கடந்த 852 நோயாளிகளைக் கவனித்தார்கள். வழக்கமான கவனிப்பில் 15 சதவீதத்தினருக்கு அது வந்தது. சிறப்புக் கவனிப்பில் 9.9 சதவீதமாகக் குறைந்தது. அந்தச் சிறப்பு என்ன தெரியுமா? மூக்குக் கண்ணாடி, காது கருவி, போதிய தண்ணீர், நாளும் கிழமையும் சொல்லிப் பேசுதல், நடத்துதல், தூக்க மாத்திரையின்றித் தூங்க உதவுதல். இவ்வளவுதான். நாமோ கண்ணாடியும் பல்செட்டும் தொலைந்துவிடும் என்று வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டுப் போகிறோம்.

எனவே சிஸ்டர், 'தாத்தாவை நாற்காலியில் உட்கார வையுங்கள்' என்றால் சண்டைக்குப் போகாதீர்கள். 'வேலைக்குச் சோம்பல், நம்மை ஏவுகிறாள்' என்று பேசுவதை நான் என் காதாலேயே கேட்டிருக்கிறேன். அவர் சிகிச்சைதான் செய்கிறார். எலும்பு முறிவு, மாரடைப்பு போன்ற நிலைகளில் எப்போது எழலாம் என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். அவர் அனுமதித்தால் படுக்கை ஓரத்தில் காலைத் தொங்கவிட்டுச் சற்று அமரச் செய்து, தலைச்சுற்றல் இல்லை என்று கண்டபின் நிற்க வையுங்கள். வழுக்காத செருப்பு வேண்டும். சோற்றை அவர் கையாலேயே உண்ணட்டும், சிந்தினால் துடைத்துக்கொள்ளலாம். ஒளுச் செய்யத் தண்ணீரைக் கையருகே வைத்து, அவரே முகம் கழுவட்டும். தண்ணீர் கூடாதென்றால் தயம்மும் இருக்கிறது. எழவே முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள். மூத்திரக் குழாய் இன்னும் தேவையா என்று தினமும் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவன்று.

டிஸ்சார்ஜ் அன்று பில்லைக் கட்டும் பரபரப்பில், அவரை எப்படித் தூக்கி நிறுத்துவது, எந்தப் பக்கம் பிடிப்பது என்று சிஸ்டரைச் செய்து காட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள். தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. நடக்க இயலாதோருக்கு வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி தருவதும் அதில் அடங்கும். வீடு வந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர் பெயரைச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். ஜும்ஆவுக்கு அவர் வர விரும்பினால், இருவர் தோள் கொடுத்து அழைத்து வாருங்கள். முன் வரிசை ஓரத்தில் அவருக்கு ஒரு நாற்காலி போட்டு வைக்கிறோம்.