கேட்பவர் யாரெனக் குறித்துவைக்காத தேடுபொறி

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



கணினி, இணையம் ஆகியவை தொடர்பாக ஏதேனும் ஒரு பொருள் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தனர். இங்கே அமர்ந்திருக்கும் இளைஞர் ஒவ்வொருவரும் நாள்தோறும் பன்முறை கையாள்கின்ற, ஆயினும் பெரும்பாலோர் தாமாகத் தேர்ந்தெடுத்திராத ஒரு கருவியை இன்றைய பொருளாக எடுத்துக்கொண்டேன். அதுவே தேடுபொறி.

நம் படிப்பகத்திற்கு வருகின்ற ஒருவர் ஒரு நூலைக் கேட்கிறார். நூலகர் எடுத்துத் தருகிறார். அந்நூலகர், கேட்டவர் எந்தத் தெருவினர், எந்த நேரத்தில் வந்தார், எந்தப் பக்கத்தில் நெடுநேரம் நின்றார் என்பவற்றையெல்லாம் ஒரு பேரேட்டில் எழுதிவைத்து, அதனைக் காட்டிக் கடைவீதியில் காசு பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் அப்படிப்பகத்தின் வாயிலை யாராவது மிதிப்பார்களா? ஆனால் இணையத்தில் நாம் அப்படிப்பட்ட நூலகரிடந்தான் நாள்தோறும் சென்று நிற்கிறோம். தாயிடம் கேட்கக் கூசுவதையும், மருத்துவரிடம் கேட்க அஞ்சுவதையும், ஆசிரியரிடம் கேட்டால் நகைப்பாரோ என்று எண்ணி அடக்கிக்கொண்டதையும் தேடுபொறியிடம் தயக்கமின்றிக் கேட்டுவிடுகிறோம். மனிதன் வேறெந்த ஏட்டிலும் தன்னைப் பற்றி இவ்வளவு உண்மை எழுதியதில்லை.

நம்மவர்க்கு இதில் தனியாக ஒரு கவலை உண்டு. கல்வி உதவித்தொகை, சாதிச் சான்றிதழ், ஆதிதிராவிடர் நல விடுதி ஆகிய மூன்றையும் ஒரே மாதத்தில் தேடிய மாணவர், தம் சாதியை எவரிடமும் வாய் திறந்து சொல்ல வேண்டியதே இல்லை. அவருடைய தேடல்களே சொல்லிவிடும். பட்டணத்தில் வாடகை வீடு கேட்கப் போகும்போது சொந்த ஊரின் பெயரைச் சொல்வதற்கும் ஒரு கணம் தயங்குகின்ற நிலை இன்னும் நீங்கிவிடவில்லை என்பதை இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை சொல்பவனுக்கே உரியது.

இது வீண் அச்சம் என்று கருதுவோரும் இருக்கலாம். அவர்கள் 2006-ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்ததை எண்ணிப் பார்க்க வேண்டும். ஏ.ஓ.எல். என்னும் நிறுவனம், ஆராய்ச்சியாளர்க்குப் பயன்படட்டும் என்று, ஏறத்தாழ 6,50,000 பேர் மூன்று மாதங்களில் தேடிய ஏறக்குறைய 2 கோடித் தேடல்களை அவ்வாண்டு ஆகஸ்டில் பொதுவில் வெளியிட்டது. பெயர்களை நீக்கி, ஒவ்வொருவர்க்கும் ஓர் எண்ணை மட்டுமே இட்டிருந்தது. பெயர் இல்லையே, பிறகு என்ன தீங்கு என்றுதான் அவர்கள் நினைத்திருப்பர். ஆனால் சில நாள்களுக்குள் நியூயார்க் டைம்ஸ் இதழின் செய்தியாளர்கள் ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு, அந்த எண்ணுக்குரியவர் தேடிய ஊர்ப்பெயரையும் குடும்பப் பெயரையும் பின்தொடர்ந்து, ஜார்ஜியா மாநிலத்தில் வாழ்ந்த 62 வயதுக் கைம்பெண் ஒருவரின் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டனர். விரல்கள் மரத்துப்போவது, வளர்ப்பு நாயின் தொல்லை, தனியாய் வாழும் ஆடவர் என அவர் தேடியவை அனைத்தும் அவர் முன்னே வைக்கப்பட்டன. இதில் நான் கவனித்த நுட்பம் ஒன்றுண்டு. அவர் தேடிய நோய்கள் பலவும் அவருடைய நோய்கள் அல்ல. தம் தோழியர்க்காகத் தேடியவை. ஆக, அந்தப் பேரேடு மறைக்க வேண்டியதை வெளிப்படுத்தியதோடு நில்லாமல், இல்லாத நோயையும் அவர்மேல் ஏற்றியது. நிறுவனம் தவறென்று ஒப்புக்கொண்டு தொகுப்பைத் திரும்பப் பெற்றது. அதற்குள் அதன் படிகள் இணையமெங்கும் பரவிவிட்டன.

மற்றொரு சான்று நம் நெஞ்சிற்கு இன்னும் அண்மையது. ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் லத்தான்யா ஸ்வீனி 2013-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். அவர் கறுப்பின அறிஞர். கறுப்பினத்தார் மிகுதியாகச் சூட்டும் பெயர்களையும் வெள்ளையர் மிகுதியாகச் சூட்டும் பெயர்களையும் இணையத்தில் தேடிப் பார்த்தபோது, கறுப்பினப் பெயர்களின் அருகில், 'இவர் கைது செய்யப்பட்டவரா?' என்ற பொருள்படும் விளம்பரங்கள் கூடுதலாகத் தோன்றியதை அவர் காட்டினார். அப்பெயருக்குரியவர்மேல் வழக்கு உண்டா இல்லையா என்பதை அந்த விளம்பரம் பொருட்படுத்தவில்லை. பெயரைக் கேட்டவுடனே முகக்குறிப்பு மாறுகின்ற மனிதர்களை நாம் அறிவோம்; இயந்திரமும் அந்தப் பாடத்தைச் சமுதாயத்திடமிருந்து கற்றுக்கொள்கிறது. தேடப்பட்ட ஒரு பெயரைக் கொண்டே இத்துணை வேற்றுமை விளையுமாயின், தேடுபவரின் பல்லாண்டுப் பேரேடு கையில் இருந்தால் என்னென்ன விளையக்கூடும்?

தேடுபொறி இலவசமாகக் கிடைக்கிறதே, அதற்கு ஈடாக இதைப் பொறுத்துக்கொள்ளத்தானே வேண்டும் என்று படித்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். இவ்வாதம் பிழையானது. விளம்பரம் காட்டுவதற்கு இரண்டு வழிகள் உள்ளன. கைக்கடிகாரம் என்று தேடுபவர்க்குக் கைக்கடிகார விளம்பரம் காட்டுவது ஒன்று. இதற்கு அவர் யார் என்று அறிய வேண்டியதே இல்லை. அவருடைய பழைய தேடல்கள், சென்ற இடங்கள், பார்த்த காட்சிகள் அனைத்தையும் சேர்த்து அவரைப் பற்றிய ஒரு சித்திரம் தீட்டி, அதற்கேற்ற விளம்பரங்களை அவர் பின்னாலேயே அனுப்புவது மற்றொன்று. முதல் வழியைக் கொண்டே பிழைத்துவரும் தேடுபொறிகள் உள்ளன. அவற்றைப் பற்றித்தான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

இவற்றுள் பலரும் அறிந்தது டக்டக்கோ. கேப்ரியல் வைன்பெர்க் என்பவர் 2008-இல் அமெரிக்காவில் தொடங்கியது. தேடியவரின் இணைய முகவரியைத் தேடலோடு சேர்த்துச் சேமித்துவைப்பதில்லை என்பது இதன் கொள்கை. ஆனால் இதன் முடிவுகள் பெரும்பாலும் மைக்ரோசாஃப்டின் பிங் தேடுபொறியிலிருந்து வருபவை, விளம்பரங்களும் அவ்வாறே. 2022 மே மாதத்தில், டக்டக்கோவின் உலாவிச் செயலி பிறருடைய பின்தொடர் நிரல்களைத் தடுத்தபோதும், மைக்ரோசாஃப்டின் சில நிரல்களை மட்டும் ஒப்பந்தம் காரணமாக விட்டுவைத்திருந்ததை ஓர் ஆய்வாளர் கண்டு வெளிப்படுத்தினார். எதிர்ப்பு எழுந்தபின் ஆகஸ்டில் அந்நிறுவனம் அதனைப் பெருமளவு திருத்திக்கொண்டது. குறை உலாவியில் இருந்ததேயன்றித் தேடுபொறியில் இல்லை என்பது உண்மைதான். எனினும், காவலுக்கு வந்தவன் யாரிடம் சம்பளம் வாங்குகிறான் என்று கேட்டறிவது நல்லது.

நெதர்லாந்து நாட்டின் ஸ்டார்ட்பேஜ் வேறொரு முறையைக் கையாள்கிறது. நாம் கேட்பதை, நம் முகவரியை நீக்கிவிட்டு, தானே கூகுள் முதலிய பெரிய தேடுபொறிகளிடம் கேட்டு, விடையை வாங்கி நம்மிடம் தருகிறது. 2019-இல் அமெரிக்க விளம்பரத் தொழில்நுட்ப நிறுவனம் ஒன்று இதில் முதலீடு செய்ததை அறிந்து பலர் ஐயுற்றனர். அந்த ஐயம் நியாயமானதே. ஆயினும் அதன் கொள்கை மாறிவிட்டது என்று சொல்வதற்குச் சான்று எதையும் நான் கண்டதில்லை.

மேற்சொன்ன இரண்டும் பிறர் கிணற்றில் நீர் மொள்பவை. சொந்தக் கிணறு தோண்டியவையும் உள்ளன. இங்கிலாந்தின் மோஜீக் தன் சொந்த வலைச்சிலந்தியைக் கொண்டு இணையப் பக்கங்களைத் திரட்டி, தானே அட்டவணை அமைத்துக்கொண்டது. 2021-இல் வெளிவந்த பிரேவ் தேடுபொறியும் சொந்த அட்டவணை உடையது. 2025 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட், பிங்கின் முடிவுகளைப் பிறர் வாங்கிப் பயன்படுத்துவதற்குத் தந்திருந்த பழைய சேவையை நிறுத்திவிட்டது. சிறிய தேடுபொறிகள் பல அதனால் தடுமாறின. கிணற்றுக்காரன் கயிற்றை எடுத்துவிட்டால் என்ன நேரும் என்பதை நம் முன்னோர்க்கு யாரும் கற்பிக்க வேண்டியிருந்ததில்லை. ஆயினும் சொந்தக் கிணறு சிறியதானால் நீரும் குறைவுதான். அட்டவணை சிறியதாயிருக்கும் இடத்தில் தமிழ்ப் பக்கங்களும் குறைவாகவே அகப்படும். ஆகவே என் பரிந்துரை இது: அன்றாடத் தேவைக்கு டக்டக்கோவை வைத்துக்கொள்ளுங்கள், தமிழில் தேடி விடை போதாதபோது ஸ்டார்ட்பேஜைக் கேளுங்கள், பிரேவையும் மோஜீக்கையும் அவ்வப்போது பயன்படுத்தி, ஒரே கேள்விக்கு விடைகள் எவ்வாறு வேறுபடுகின்றன என்று பாருங்கள். நான்கும் கட்டணமின்றிக் கிடைப்பவை.

இவற்றால் ஆகாதவையும் உண்டு. தேடுபொறி உங்களைக் குறித்துவைக்காவிட்டாலும், அது காட்டிய இணையத்தளத்திற்குள் நீங்கள் நுழைந்ததும் அத்தளம் தன் போக்கில் உங்களைக் குறித்துவைக்கலாம். எந்தத் தளத்திற்குப் போகிறீர்கள் என்பதை இணைய இணைப்புத் தரும் நிறுவனம் அறியக்கூடும். உலாவியில் உள்ள மறைநிலைச் சாளரத்தைப் பலர் மந்திரக் கவசம் என்றே நம்புகின்றனர். அது உங்கள் கருவியில் வரலாறு தங்காமல் காப்பது மட்டுமே. வீட்டில் ஒரே கைபேசியை மூவர் பகிர்ந்துகொள்ளும்போது அதற்குப் பயன் உண்டு, அவ்வளவே. மறைநிலையிலும் தகவல் திரட்டப்பட்டது என்று அமெரிக்காவில் 2020-இல் தொடுக்கப்பட்ட வழக்கில், கோடிக்கணக்கான பதிவுகளை அழிப்பதற்கு 2024-இல் கூகுள் உடன்பட்டது.

கூகுளையே தொடர்ந்து பயன்படுத்துவோர்க்கும் ஒரு வழி உண்டு. கணக்கில் 'எனது செயல்பாடு' என்னும் பக்கத்தைத் திறந்தால், தாம் இதுவரை தேடியவை நாளும் நேரமும் இட்டுக் கிடப்பதைக் காணலாம், அழிக்கலாம், சேமிப்பை நிறுத்தலாம். 2020 ஜூன் முதல் புதிதாகத் தொடங்கப்படும் கணக்குகளில் 18 மாதங்களுக்குப் பின் தானே அழியும் ஏற்பாடு உள்ளது. பழைய கணக்குகளில் நாமேதான் அதனை அமைத்துக்கொள்ள வேண்டும். இங்குள்ள இளைஞர்கள் இன்றிரவே அப்பக்கத்தை ஒருமுறை திறந்து பார்க்க வேண்டுகிறேன். என் உரையைவிட அது தெளிவாகப் பேசும்.

தேடுபொறியை மாற்றுவது கடினமா என்றால், உலாவியின் அமைப்புகளில் 'தேடுபொறி' என்ற இடத்தில் ஒரு பெயரைத் தொடுவதே வேலை. அந்த ஒரு தொடுதலைப் பெரும்பாலோர் செய்யமாட்டார்கள் என்பதைக் கூகுள் நன்கு அறியும். உலாவிகளிலும் கைபேசிகளிலும் தன்னையே முன்னதாக அமைத்துவைப்பதற்காக அந்நிறுவனம் 2021-இல் மட்டும் 2,600 கோடி டாலருக்கு மேல் பிற நிறுவனங்களுக்குக் கொடுத்ததாக அமெரிக்க நீதிமன்றத்தில் வெளிப்பட்டது. பொதுத் தேடலில் முற்றுரிமையைச் சட்டத்திற்குப் புறம்பாகக் காத்துக்கொண்டது என்று 2024 ஆகஸ்டில் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் நாட்டிலும் 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அதன் விளைவாக, புதிய ஆண்ட்ராய்டு கைபேசியை முதன்முதலாக இயக்கும்போது தேடுபொறியைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு வழங்கப்படும் என்று 2023 ஜனவரியில் கூகுள் அறிவித்தது. அந்தத் திரை தோன்றும்போது கடைக்காரர் கைக்கு விட்டுவிடாமல் நீங்களே படித்துத் தேர்ந்தெடுங்கள்.

அந்தரங்கம் குடிமக்களின் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 2023-இல் நிறைவேறியது. சட்டம் நம் படிப்பகத்துக் கணினிவரை வந்து சேர எத்தனை காலமாகுமோ, யான் அறியேன்.

ஆகவே நிர்வாகக் குழுவினர் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். நம் மாணவர் பொதுவில் பயன்படுத்தும் கணினிகள் அனைத்திலும் குறித்துவைக்காத தேடுபொறி ஒன்றை முதலில் தோன்றுமாறு அமைக்க வேண்டும். உலாவியை மூடியதும் வரலாறு தானே அழியும்படி செய்ய வேண்டும். தம் கணக்கைத் திறந்த மாணவர், எழுந்து போகுமுன் அதனை மூடிவிட நினைவூட்டும் அட்டை ஒன்றைத் திரையருகே தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். ஒருவர் ஒரு பிற்பகல் அமர்ந்தால் இவ்வளவும் முடிந்துவிடும். செலவு ஒரு காசும் இல்லை. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இதனைத் தீர்மானமாகக் கொண்டுவரத் தலைவர் அவர்கள் இசைவு தருமாறு வேண்டி அமர்கிறேன்.