வளர மறந்த வாழை



மதுரையிலிருந்து திண்டுக்கல் செல்வோருக்கு வழியிலேயே சிறுமலை தென்படும். அம்மலையும் பழனி மலைச் சரிவுகளும் மலைவாழைக்குப் பேர்போனவை. பழனிப் பஞ்சாமிர்தத்திற்குச் சுவை சேர்க்கும் விருப்பாட்சிப் பழம் இந்த வட்டாரத்ததே.

சில ஆண்டுகளுக்கு முன் சிறுமலைத் தோட்டம் ஒன்றில் ஒரு வாழையைக் கண்டேன். உடன் நட்டவை ஓங்கி நிற்க, அது மட்டும் என் இடுப்பளவே இருந்தது. இலைகள் குறுகி, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாக நெருங்கியிருந்தன. இலையை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். நரம்புகளை ஒட்டிக் கரும்பச்சையில் புள்ளியும் கோடுமாய்த் தந்திக் குறிப்புப் போன்ற அடையாளம்! அது முடிக்கொத்து நோய்.

“பட்டுப்போகவில்லையே ஐயா, உரம் வைத்தால் தேறாதா?” என்றார் தோட்டத்துப் பெரியவர்.

இலைகள் சமைக்கும் உணவு, மெல்லிய குழாய்த் திசுவின் வழியே வேருக்கும் குருத்துக்கும் செல்கிறது. இந்நோயின் வைரஸ் குடியேறுவது அத்திசுவில்தான். தானாகப் பெருகும் ஆற்றல் அதற்கு இல்லை. வாழையின் செல்கள் தம் மரபுப்பொருளைப் படியெடுக்க வைத்திருக்கும் ஏற்பாட்டையே அது தன் பணிக்குத் திருப்பிக்கொள்கிறது. வளர்ச்சியின் ஒழுங்கு குலைகிறது. வரும் இலை ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சிறுக்கிறது. இளமையிலேயே நோயுற்ற மரம் குலை தள்ளுவதில்லை. உரம் எவ்வளவு இட்டாலும் வைரஸ் அகலாது.

மரம் உடனே மடிவதுமில்லை. ஆபத்தே அதில்தான் இருக்கிறது. அதன் சாற்றைக் குடித்த வாழை அசுவினி, நோயை அடுத்த மரத்துக்குக் கொண்டுபோகிறது. இதனை 1920களில் ஆஸ்திரேலியாவில் மகீ என்னும் அறிஞர் மெய்ப்பித்தார். தாய்க்கிழங்கின் கன்றுகளிலும் நோய் தொடரும். 1889இல் பிஜித் தீவில் அறியப்பட்ட இந்நோய், 1913இல் இலங்கையில் காணப்பட்டது. 1940ஆம் ஆண்டளவில் கேரளப் பகுதியை எட்டியது. நாடு விட்டு நாடு தாண்ட, நோயுற்ற ஒரு கன்றே போதும்.

“முதலில் அசுவினியைக் கொன்று, பிறகு கிழங்கோடு தோண்டி அழித்துவிடுங்கள்” என்றேன்.

“பக்கக்கன்று நான்கும் நன்றாகத்தானே இருக்கின்றன?” என்றார் அவர்.

“அவற்றையும் சேர்த்தே சொல்கிறேன், ஐயா.”

அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர் மருந்து தெளித்து, அந்தத் தூர் முழுவதையும் தோண்டி எடுத்தார். ஐந்தை இழந்து தோட்டத்தைக் காக்க முனைந்தார்.

இன்று வைரஸ் உண்டா என்று சோதித்த திசு வளர்ப்புக் கன்றுகள் கிடைக்கின்றன. 1993இல் திருச்சியில் நிறுவப்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையம் அத்தகைய சோதனையில் துணைநிற்கிறது. நோய் புகுந்தபின் மருந்தில்லை. புகாமல் காக்க வழியுண்டு. நண்பர்களே, உங்கள் ஊர்த் தோட்டத்தில் உச்சி குறுகிய வாழையைக் கண்டால், ஓர் இலையை வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கண்டதை உரியவரிடம் அன்றே சொல்லுங்கள்.